ஷோகேஸில் இருந்த காலட் சக்

வட்டமாக இருப்பதை யாருக்கும் தெரியாமல் முக்கோணமாக்கலாம் என்பதை, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். என் மேஜைக்கு வந்த அந்த எஃகு புஷ் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் குழாய்த் துண்டு. சுவர் மெல்லியது, தடித்த வளையல் கனம்தான் இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. பிளக் கேஜ் என்று ஒன்று உண்டு, துல்லியமாகத் தேய்த்து எடுத்த எஃகு உருளை. நல்ல புஷ் என்றால் அது தன் எடையிலேயே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். இந்தப் புஷ்ஷில் அது வாயிலேயே முரண்டு பிடித்து நின்றது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. ட்ரே முழுக்க அப்படியே. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பிளக்கை வாங்கி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்த கேஜ் ஊதிப் போச்சும்மா" என்றார். எஃகு உருளை ஊதிப் போகும் என்று சொன்ன மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்போது நான் குவாலிட்டியில் இன்ஸ்பெக்டர். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த வேலை. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் உத்தியோகம். அந்தக் குவார்ட்டர்ஸிலிருந்துதான் தினமும் ரயிலில் அம்பத்தூர் வருவேன். மேனேஜரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதையால் அல்ல, எழுத மனமில்லை, அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் பட்டறைக்குள் நாள் முழுக்க நடமாடும் வித்தை அவருக்கு வாய்த்திருந்தது. எந்த மெஷினையும் தொடாமல் இருந்தால் அது யாருக்கும் வாய்க்கும். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, இடுப்பில் கைவைத்து, தலையை இரண்டு முறை ஆட்டுவார். ஆபரேட்டர் ஏதாவது சந்தேகம் கேட்டால், "நான் பாக்காத மெஷினா" என்பார். பார்த்தது உண்மைதான். அதைத் தவிர அவர் எதுவும் செய்ததில்லை.

புஷ் ஏன் முக்கோணமானது என்பதைச் சொல்ல, சக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லேத் மெஷினில் சுழலும் பொருளைப் பிடித்துக்கொள்வது சக். அதற்கு மூன்று தாடைகள். மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து வந்து பொருளைக் கவ்வும். எவ்வளவு அழுத்திக் கவ்வ வேண்டும் என்பதை மெஷினுக்குப் பக்கவாட்டில் இருக்கும் ஒரு குமிழைத் திருகி வைக்கலாம். கெட்டியான இரும்பு என்றால் எவ்வளவு அழுத்தினாலும் கவலையில்லை. மெல்லிய புஷ்ஷை அழுத்தினால் தாடை பட்ட மூன்று இடத்திலும் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்வாங்கும். அந்த நிலையில் உள்பக்கத்தைக் கடைந்தால் துளை அருமையான வட்டமாக வரும். தாடையைத் தளர்த்தியதும் புஷ் பழைய நிலைக்கு விரியும், துளை கோணிப் போகும். மெஷினில் இருக்கும்போது வட்டம், கழற்றினால் முக்கோணம். எதிரெதிராக இரண்டு புள்ளியில் வைத்து அளந்தால் இந்தக் கோணல் தெரியவே தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே அளவு காட்டும். பிளக் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இது ரகசியம் ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளையைக் கேட்டால் சொல்லும்.

இதற்கு மருந்தும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலட் சக் என்று இன்னொரு வகை உண்டு. நீளவாக்கில் பல இடத்தில் கீறிவிட்ட எஃகுக் குழல். பொருளைச் சுற்றி ஒரே சீராகச் சுருங்கிப் பிடிக்கும். வளையல்காரர் நம் கையை நாலு பக்கமும் அமுக்கி, வலிக்காமல் வளையலை ஏற்றுவாரே, அந்தப் பிடி. எங்கள் கம்பெனியில் அது இல்லாமல் இல்லை. புத்தம் புதிதாக, எல்லா அளவு காலட்டுகளோடும் இருந்தது. எங்கே இருந்தது என்றால், வரவேற்பறையில், கண்ணாடி ஷோகேஸில், பரிசுக் கோப்பைகளுக்கும் பிளாஸ்டிக் பூங்கொத்துக்கும் நடுவில். வெளிநாட்டுச் சரக்கு, ஓட்டினால் தேய்ந்துவிடுமாம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மேனேஜர் வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் அது வெளியே வரும். ஒவ்வொரு காலட்டுக்கும் அவரே தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்தச் சந்தனம் கீறல்களுக்குள் போய்க் காய்ந்து கல்லாகி, அதன் மேல் அடுத்த வருஷத்துச் சந்தனம் ஏறும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். பாவம், கழுதை கற்பூரத்துக்குப் பொட்டு வைத்ததாக யாரும் சொன்னதில்லை.

சக்கின் பிரஷரை ஏற்றி வைத்ததும் அவர்தான். அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு தடவை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தபோது, மூன்றாவது மெஷினில் ஒரு துண்டு சக்கிலிருந்து பிடி நழுவிப் பறந்து மெஷின் கதவுக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி விரிசல் விட்டதோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மேனேஜர் கூலன்ட் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். அவர் எழுந்து வந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. அன்றைக்கு மாலையே குமிழைத் தன் கையால் கடைசி வரை திருகிவிட்டு, அதன் பக்கத்தில் சிவப்பு பெயின்டில் 'தொடாதே' என்று எழுதி வைத்தார். அவர் மெஷினைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கெட்டி இரும்போ மெல்லிய புஷ்ஷோ, எல்லாவற்றுக்கும் அதே அழுத்தம் என்று ஆயிற்று.

அந்த மூன்றாவது மெஷினின் ஆபரேட்டர் என் அக்கா புருஷன், என் மாமா. இதைச் சொல்லாமல் மேனேஜரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் கதை பாதிதான். மாமா வேப்பம்பட்டுக்காரர். நிலம் பிளாட் ஆன குடும்பம். விவசாயம் போனதும் அவர் மெஷினுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. குடி இல்லை, அடி இல்லை, அக்கா மேல் பிரியம் உண்டு. ஆனால் முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேனேஜரின் கார் கேட்டுக்குள் நுழைந்தால் மெஷினை விட்டுவிட்டு ஓடிப் போய் டிபன் கேரியரை வாங்கிக்கொள்வார். மேனேஜர் மழை வரும் என்றால் குடை எடுப்பார், வராது என்றால் நனைவார். பிரஷர் அதிகம் என்பது அவருக்குத் தெரியும். "மாமா, அதக் கொஞ்சம் கொறச்சி வச்சி ஓட்டுங்களேன்" என்று நான் சொன்னபோது, "சாரு எழுதி வச்சிக்கீறாரு பாப்பா. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது" என்றார். எஜமானைவிட விசுவாசி மேல் எனக்குக் கோபம் வந்த முதல் தருணம் அது.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்பதற்குக் காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அங்கே டெம்பரரி. மேனேஜர் மனது வைத்தால் பர்மனென்ட். பர்மனென்ட் ஆனால் அக்கா வேப்பம்பட்டில் மாமியாரோடும் இரண்டு நாத்தனார்களோடும் ஒரே அடுப்பில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அம்பத்தூருக்குத் தனிக்குடித்தனம் வரலாம். அவள் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில், துணி காயவைக்கத் தனியாக இடம் இருந்த ஒரு வீடு. அந்த இடத்தைப் பற்றியே என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு உடன்பிறப்பு கிடையாது. சின்ன வயதிலிருந்து ஒரே போர்வை, ஒரே சீப்பு. மாமாவின் வேலையில்தான் அவளுடைய வீடு இருந்தது. என் அக்காவும் அதில்தான் இருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிளக் இறங்காத புஷ்களுக்கு நான் ரிஜெக்ட் என்று சிவப்பு டேக் கட்டினேன். மாமா கடைந்தவை என்று தெரிந்துதான் கட்டினேன். மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டார். வெர்னியர் அளவுகோலை எடுத்து, ஒரு புஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பி அளந்து காட்டி, "எல்லா சைடும் ஒரே சைஸு. இன்னாம்மா உனக்கு பிரச்சன?" என்றார். ஏன் அப்படிக் காட்டுகிறது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தலையை ஆட்டினார். முடித்ததும், "மெஷின்ல சரியாத்தான் கீது. உன் டேபிளுக்கு வந்தா கெட்டுப் போவுது. அப்ப தப்பு டேபிள்ல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடாமலே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மாமா ஃபைல் என் டிராயர்லதான் கீது. நீ ரிஜெக்ட் பண்ணா அது அவரு மேலதான் வரும், பாத்துக்கோ" என்றார். நான் டேக்கை எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்குப் போன பிறகு அவரே எல்லா டேக்கையும் அவிழ்த்துவிட்டுச் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். முடிச்சு அவிழ்க்கத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

போன சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. வாங்கிய கம்பெனியில் ஒரு தண்டும் புஷ்ஷுக்குள் நுழையவில்லை. கூடவே வாடிக்கையாளர் கம்பெனி இன்ஜினியர் ஒருவரும் வந்தார். அதிகம் பேசாத ஆள். காபி வேண்டாம் என்றார், ஷோகேஸைக் காட்டியபோது நிற்காமல் நடந்தார், நேரே மூன்றாவது மெஷினுக்கு வந்து, "ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க" என்றார். மாமா ஓட்டினார். மெஷின் நின்றதும் இன்ஜினியர் என்னிடமிருந்து பிளக்கை வாங்கி, புஷ் சக்கில் இருக்கும்போதே உள்ளே விட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேனேஜரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார், மெஷின்ல பர்ஃபெக்ட்" என்றார். இன்ஜினியர், "இப்ப கழட்டுங்க" என்றார். கழற்றிய புஷ்ஷில் பிளக் நுழையவில்லை. அதே புஷ், அதே பிளக், நடுவில் நடந்தது தாடை விலகியது மட்டும். அவர் கேட்கப் போகிறார், நான் சொல்லப் போகிறேன், சிவப்பு பெயின்டைக் காட்டப் போகிறேன் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து, குமிழுக்குப் பக்கத்திலிருந்த பிரஷர் மீட்டரில் முள் நிற்கும் இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, "மெல்லிசு ஜாபுக்கு இவ்ளோ பிரஷர் யாரு வச்சது?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மாமா ஓரடி முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, "நான்தான் சார் ஏத்திட்டேன். சாரு கொறைக்கத்தான் சொன்னாரு. நான்தான் கேக்கல" என்றார். மேனேஜர் பெருமூச்சு விட்டு, வருத்தமாகத் தலையை ஆட்டினார். எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை சார், இந்த ஆட்களை வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும் என்கிற ஆட்டம். 'தொடாதே' என்ற எழுத்து எங்கே என்று நான் தேடினேன். அந்த இடத்தில் காலையில்தான் அடித்த பச்சை பெயின்ட் இன்னும் காயாமல் பளபளத்தது. நான் வாய் திறந்தேன். "இல்ல சார்" என்று தொடங்கினேன். மாமா என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ சும்மா இரு" என்றார். அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தை அவர் வேறு எங்காவது செலவழித்திருக்கலாம்.

அன்று மாலை அம்பத்தூர் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றபோது அவரே விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் மேனேஜர் அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போய், தோளில் கைபோட்டு, தன் கையால் டீ வாங்கிக் கொடுத்தாராம். ஒரு பேச்சுக்கு நீ ஏற்றினதாகச் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த மாதமே பர்மனென்ட் பண்ணிவிடுகிறேன் என்றாராம். மாமாவுக்கு பர்மனென்டைவிடத் தோளில் விழுந்த கைதான் பெரிதாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன், அதைத்தான் இரண்டு முறை சொன்னார். "அவர நம்பாதீங்க மாமா" என்றேன். "சாரு வாக்கு குடுத்தா குடுத்ததுதான். நீ சின்னப் பொண்ணு, உனக்கு மனுசாளப் பத்தி இன்னா தெரியும்" என்றார். பர்மனென்ட் ஆன பிறகு தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். குட்டுகிறவன் முட்டாள் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவனுக்கு எப்போதும் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அந்த வாரம் முடிவதற்குள் மாமாவை இனி வேலை இல்லை என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர் கேபினுக்கு ஓடினார். மேனேஜர், "நீயே கஸ்டமர் முன்னால ஒத்துக்கினியேப்பா. இப்ப நான் இன்னா பண்ணட்டும், மேல கேக்கறாங்க" என்று சொல்லி, மறுபடியும் தோளில் கைபோட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாராம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே தோளில் ஏற்றி அனுப்பிய லாவகத்தை அன்றுதான் பார்த்தேன். மாமா வீட்டுக்குப் போய் அக்காவிடம் என்ன சொல்வார்? செய்யாததைச் செய்ததாகச் சொல்லி வேலையைத் தொலைத்தேன் என்றா? எந்த ஆண்பிள்ளைக்கு அது வாயில் வரும். உன் தங்கச்சி சிவப்பு டேக் கட்டினாள், அதனால் போயிற்று என்று சொல்லிவிட்டார்.

அக்கா ஆவடிக்கு வந்தாள். உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடி, "ஒரு டேக்கு கட்டி என் ஊட்டப் பறிச்சிட்டேல்ல" என்றாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கும் ரோஷம் உண்டு. ஒரே போர்வையில் படுத்தவள் ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொன்னால், நான் ஏன் அவள் பின்னால் ஓடி விளக்கம் சொல்ல வேண்டும்? மாமாவாவது சொல்வார் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். அவர் என்னைக் கண்டாலே செருப்பைத் தேடுவார், வெளியே கிளம்புவதற்கு. அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் அக்கா என்னோடு நேராகப் பேசியதில்லை. "சித்தி சாப்ட்டாச்சான்னு கேளு" என்று பிள்ளையிடம் சொல்வாள், நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே.

மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்றால், அவருக்குப் பரிசு கிடைத்தது. வாடிக்கையாளர் வற்புறுத்தியதால் காலட் சக் ஷோகேஸைவிட்டு இறங்கியது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மெஷினில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று அவர் படம் எடுத்துக்கொண்டார். சந்தனக் கட்டியைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு ஒரு ஷிப்ட் ஆயிற்று. மெல்லிய பொருள்களைப் பிடிக்கப் புதிய முறையைக் கண்டுபிடித்தவர் என்று தலைமை அலுவலகம் அவருக்குக் கோப்பை கொடுத்தது. காலட் இருந்து காலியான இடத்தில் அந்தக் கோப்பையை வைத்தார். நான் அதற்குப் பிறகு அங்கே அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது திருமழிசையில் ஒரு யூனிட்டில் குவாலிட்டி என் பொறுப்பில் இருக்கிறது. மெல்லிய புஷ் என்றால் காலட் என்பது இங்கே பேச்சே இல்லாமல் நடக்கிறது. யாரும் அதற்குப் பொட்டு வைப்பதில்லை, கோப்பையும் வாங்குவதில்லை. போன மாதம் பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்தது. மேனேஜருக்கு அறுபதாம் கல்யாணம், பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில். எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட அழைப்பு. அந்த ஆள் எப்படி மூப்படைந்திருக்கிறார் என்று பார்க்கும் அற்ப ஆசையில்தான் நான் போனேன், வேறு உயர்ந்த நோக்கம் ஒன்றும் இல்லை. மண்டப வாசலில் மாமா நின்றிருந்தார். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் இப்போது அவர் செக்யூரிட்டி. சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஜரிகைச் சால்வை. பக்கத்தில் அக்கா, வேண்டாவெறுப்பாக. "சாரு கூப்ட்டு வராம இருக்க முடியுமா பாப்பா" என்றார் என்னிடம். செருப்பைத் தேடவில்லை, அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேடைக்கு வரிசையில் போனோம். மாமா முன்னால், அக்கா அடுத்து, கடைசியில் நான். மேனேஜர் மாலையும் கழுத்துமாக, தங்க நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நன்றாகவே இருந்தார் என்பதை வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். மாமா சால்வையைப் போர்த்தி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, கைகட்டி நின்றார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாருப்பா? கேட்டரிங்கா?" என்றார். மாமா சிரித்தபடி, "சார், நான்தான் சார், மூணாவது மெஷினு" என்றார். "அப்டியா, சரி சரி, சாப்ட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு போட்டோகிராபர் பக்கம் திரும்பினார். திரும்பும்போது அவர் பார்வை என் மேல் பட்டது. "ஏ, நீ அந்த குவாலிட்டி பொண்ணுதான" என்றார் பெரிய குரலில். "அப்பவே ரொம்பக் கறாரு. இவ சொன்னா சொன்னதுதான்" என்று மனைவியிடம் என்னைக் காட்டிச் சிரித்தார். எதிர்த்தவளை நினைவு வைத்திருந்தார். காலில் விழுந்தவரை மறந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், மேடையைவிட்டு இறங்கினாள்.

சாப்பிட்டுவிட்டு ஆவடி பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றோம். மாமா தாம்பூலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடாமல் பேசினார். "கூட்டம் ஜாஸ்தி. சாருக்கு சரியா கண்ணு தெரில. கண்ணாடி போடாம உக்காந்துகினு இருந்தாரு பாரு. இல்லாங்காட்டி என்னப் பாத்ததும் எழுந்து கட்டிப் புடிச்சிருப்பாரு" என்றார். அக்கா அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றது போலத் தோன்றியது. பிறகு என் பக்கம் திரும்பினாள். பிள்ளை யாரும் நடுவில் இல்லை.

"அன்னிக்கி அந்த மெஷின்ல பிரஷர ஏத்தனது யாருடி?" என்றாள்.

மாமா பஸ் வருகிற திசையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

"மேனேஜருதான்க்கா."

"அப்ப இவரு?"

"ஏத்தலக்கா. ஏத்தனேன்னு சொன்னாரு. பர்மனென்ட் பண்றேன்னு மேனேஜரு சொன்னாராம்."

அக்கா மாமாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த பையை வாங்கினாள். உள்ளே தேங்காய், வெற்றிலை, மேனேஜரும் அவர் மனைவியும் சிரிக்கும் படம் போட்ட ஒரு டப்பா. அதைக் கொண்டுபோய் நிறுத்தத்து பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். பஸ் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசலில் ஏறினாள். ஏறிய பிறகும் பிடியை விடவில்லை, வளையல் அழுந்தி வலித்தது. நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். மாமா பெஞ்சுக்கு ஓடிக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்து, நகரத் தொடங்கிய பஸ்ஸின் பின்படியில் தொற்றினார்.

"ஏறிட்டாரா?" என்றாள் அக்கா, வெளியே பார்த்தபடி.

"ஏறிட்டாருக்கா."

"பையோடதான?"